ரிவிஷன் நான்கு

துளசிராமன் கும்மிடிப்பூண்டியில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். அங்கே ஒரு சட்டம்: முப்பது நாள் யாரும் தொடாத பொருளுக்குச் சிவப்பு அட்டை கட்டுவார்கள், அடுத்த ஞாயிறு அது பழைய சாமானோடு போய்விடும். சட்டத்தின் மேல் பக்தி முற்றி, ஒரு கட்டு அட்டையைப் புதுவாயல் வீட்டுக்கும் கொண்டுவந்தான். மனைவி கல்பனாவின் சீர்வரிசைக் குக்கர்தான் முதல் பலி.

அடுத்த திங்கட்கிழமை, மாடிப்படிக்குக் கீழே அரைகுறையாகக் கிடந்த அவனுடைய மரவேலையில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது.

"இன்னாங்க, இதத் தொட்டு எத்தினி நாளாவுது?"

"அது ப்ராஜெக்ட்மா. நடந்துகினு கீது."

"எட்டு வருசமா நடந்துகினே கீது. ஞாயித்துக்கெழம வராரு, என் குக்கர எடுத்துகினு போன பழைய சாமான்காரரு."

மகள் தேஜு வயிற்றில் இருந்தபோது, கம்பெனியில் கழித்துப்போட்ட பலகைகளில் தொட்டிலாகத் தொடங்கிய வேலை அது. முடிப்பதற்குள் குழந்தை தவழ்ந்துவிட்டாள். வரைபடத்தைத் திருத்தி நடைவண்டி ஆக்கினான். ஓடத் தொடங்கினாள்; குட்டி நாற்காலி. இப்போது மூன்றாம் வகுப்பு. கம்பெனிப் பாஷையில் ரிவிஷன் நான்கு: படிப்பு மேசை. கம்பெனியில் டெலிவரி தேதியை ஒருநாளும் தவறவிடாதவன், சொந்த மகளிடம் மூன்று முறை தோற்றிருந்தான்.

ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ். மேசை வேலைக்காக ஐந்தரைக்கே எழுந்தான். செவ்வாய்க்கிழமை அந்த நேரம் முழுக்க வார்னிஷ் அடிப்பது எப்படி என்று மொபைலில் வீடியோ பார்த்தான். புதன்கிழமை, "டிராயர் ஒண்ணு வச்சா ஷோக்கா இருக்கும்ல?" என்றான்.

"நைனா, மொதல்ல கால் வையி," என்றாள் தேஜு.

வியாழன் முதல் மொபைல், கல்பனாவின் கோதுமை மாவு டப்பாவுக்குள் போனது. வேலை நகர்ந்தது.

ஞாயிறு காலை கடைசிக் காலுக்குத் திருகாணி முடுக்கும்போது வாசலில் குரல்: "பழைய சாமானேய்!"

தேஜு ஓடிவந்து கணக்கு நோட்டை மேசைமேல் வைத்தாள். மேசை ஆடியது. ஒரு கால் குட்டை. துளசிராமன் மனைவியைப் பார்த்தான்.

கல்பனா சிவப்பு அட்டையை அவிழ்த்தாள். நாலாக மடித்தாள். குட்டைக் காலுக்குக் கீழே செருகினாள். ஆட்டம் நின்றது.

"ஒண்ணுமில்லண்ணா, போங்க. எல்லாம் யூஸ்ல கீது," என்றாள் வாசலைப் பார்த்து.

தேஜு அதற்குள் வாய்ப்பாடு எழுத உட்கார்ந்துவிட்டாள். துளசிராமன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாக, "ஒரு டிராயர் மட்டும்..." என்றான்.

கல்பனா மிச்ச அட்டைக் கட்டை எடுக்கப் போனாள்.