பலகையில் உட்கார்ந்தவள்

அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் படகுத்துறையில் அன்று நோனி கோட்டரைக் கண்டதும் லேஸ் விற்கும் பெண்களெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்பினால் திருப்பட்டும் என்று அவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நின்றாள். துறைமுக வாயிலுக்கு வெளியே இன்னொரு பெரிய கப்பல் நங்கூரம் போட்டிருந்தது. பயணிகளிடம் லேஸ் விற்க அதற்குப் போகும் படகில் இடம் கிடைக்காவிட்டால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

"நீ ஏறக் கூடாதும்மா," என்றார் படகுக்குப் பொறுப்பாளரான டின்னீன். "இன்னிக்கு மட்டுமில்ல, இனிமே எப்பவுமே."

காரணம் ஊருக்கே தெரியும். டைட்டானிக் வந்த அன்று, பிரான்சின் செர்பூர் துறைமுகத்தில் ஏறியிருந்த சீமாட்டி ஒருத்தி, கண்ணாடியில் வைத்துப் பார்க்கிறேன் என்று நோனியின் லேஸ் காலரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போனவள் போனவள்தான். படகு கரைக்குக் கிளம்பச் சங்கு ஊதியது. குளிர்காலம் முழுக்கக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பின்னிய காலர். விட்டுவிட்டு வர நோனி என்ன இளிச்சவாயா? கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்துவிட்டாள். அதிகாரிகள் கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். காலர் கைக்கு வந்த பிறகுதான் எழுந்தாள். அன்று ஊரே சிரித்தது. கப்பல் மூழ்கிய சேதி வந்ததும் அதே ஊர், இவள் தாமதப்படுத்தியதால்தான் அது பனிமலையில் போய் மோதியது என்று பேசத் தொடங்கியது.

"பெக் ஹர்லியோட பொண்ணு அந்தக் கப்பலோட முழுகிப் போனவ. அவ கண்ணு முன்னாடி உன்னை எப்படி ஏத்துறது?" என்றார் டின்னீன்.

பெக் கறுப்புச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படகில் உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ வருஷமாக இருவரும் பக்கத்தில் பக்கத்தில் கடை விரித்தவர்கள். அவளைப் பார்த்தும் நோனிக்குத் தலையைக் குனிய மனம் வரவில்லை. குனிந்தால் பழியை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"சவுத்தாம்ப்டன்ல கிளம்பறப்பவே இன்னொரு கப்பல் மேல இடிக்கப் பாத்து நேரத்தைத் தொலைச்சாங்க. செர்பூருக்கும் நேரங்கழிச்சுத்தான் போனாங்க. அதுக்கெல்லாம் யார் மேல பழி போட்டீங்க? பனிக்கட்டி கெடக்குற கடல்ல அந்த ஓட்டம் ஓட்டினவங்களை விட்டுட்டீங்க. கூடைக்காரி நான்தான் கெடைச்சேனா?"

"வாயை அடக்கு. கப்பலை நிறுத்தி வெச்சவ நீதானே?" என்றார் டின்னீன்.

"ஆமா, நிறுத்தினேன்! அதுக்கு நான் அழல. எந்திரிச்சேன் பாருங்க, அதுக்குத்தான் தெனம் அழறேன். தெரிஞ்சிருந்தா அந்தப் பலகையிலயே விடிய விடியப் படுத்திருப்பேன். என்னைத் தூக்கிக் கடல்ல போட்டாத்தான் அது நகர்ந்திருக்கும்!"

பெக் எழுந்து படகின் ஓரத்துக்கு வந்தாள். டின்னீனை ஒரு கையால் விலக்கிவிட்டு, நோனியின் கூடையை வாங்கித் தன் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏறுடி," என்றாள். "தெரிஞ்சிருந்தா நானும் உன் பக்கத்துல வந்து படுத்திருப்பேன்."