இரண்டு வசனம்

வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், தேத்தண்ணி கொடுத்து அனுப்பினால் ஆயிற்று, நான் வாயைத் திறக்காவிட்டால் யார் என்ன செய்துவிட முடியும். ஆனால் பேசாமல் இருக்கிறவளைத்தான் இவர்களுக்குப் பிடிக்கிறது. அந்தப் பேசாமையில் அவரவருக்கு வேண்டியதைப் போட்டு நிரப்பிக்கொள்கிறார்கள்.

இப்படி நினைத்துக்கொண்டே வடிவம்மா அகப்பைக் காம்பால் கிரைண்டர் ஓரத்தில் ஒதுங்கிய உழுந்தை நடுவுக்குத் தள்ளினாள். கெலிஓயாவிலுள்ள சைவக் கடைகளுக்கெல்லாம் தோசை மா அவள் வீட்டிலிருந்துதான் போகிறது. மகள் போன பிறகும் அது நிற்கவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாளே கடைக்காரர்கள் தயங்கித் தயங்கி வந்து வாசலில் நின்றார்கள். அவளும் உழுந்தை ஊறப்போட்டாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

தம்பி சேதுராமன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. கையில் நீளமாகச் சுருட்டிய ஏதோ ஒன்று. பின்னால் றம்ஸியா டீச்சர் குடையை உதறிக்கொண்டு வந்தாள்.

"மெஷின கொஞ்சம் நிப்பாட்டுக்கா. நாங்க வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே அது எதிர்க்கோஷம் போடுது" என்றான் சேதுராமன்.

"நிப்பாட்டினா மா சூடாயிரும்" என்றாள் வடிவம்மா. ஆனாலும் நிறுத்தினாள். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது.

நாடு மறுபடியும் தூக்குத் தண்டனையைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தது. எங்கோ ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, டீவியிலும் பஸ்ஸிலும் கடை வாசலிலும் அதே பேச்சுத்தான். ஐம்பது வருஷமாக நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கின்றன, யாரையும் தூக்கில் போட்டதில்லை; இனியாவது போட வேண்டும் என்று ஒரு பக்கம். கூடவே கூடாது என்று இன்னொரு பக்கம். சனிக்கிழமை கண்டி டவுனில் தூக்குக் கேட்கிறவர்களின் கூட்டம். அதில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் பேச வேண்டுமாம்.

"ரெண்டே ரெண்டு வசனம் அக்கா" என்றாள் றம்ஸியா, கதிரையின் நுனியில் உட்கார்ந்து. "நான் எழுதித் தாரன். ஒங்களுக்கு அழுக வந்தா நிப்பாட்டுங்க, நான் பாத்துக்கொள்றன்."

அனுஷியாவுக்குக் கணக்குப் படிப்பித்தவள் இந்த டீச்சர். மையத்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வருவது போலப் பல நாள் இங்கே வந்து, மா பைகளுக்கு முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனவள். அவளிடம் கோபப்பட வடிவம்மாவால் முடியாது. அதுதான் இன்னும் களைப்பாக இருந்தது.

"அவன் உள்ளுக்க மூணு வேளையும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்க்கா" என்றான் சேதுராமன். "நம்ம பிள்ள எங்க இருக்கு?"

அவன் என்றால் சுதேஷ். மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடையில் நின்ற பையன். மருந்துக் கடை வேலை முடிந்து மழையில் வந்துகொண்டிருந்த அனுஷியாவின் சங்கிலியை இழுத்தான். அவள் அவனை அடையாளம் கண்டு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பெயரைச் சொல்லாமல் இருந்திருந்தால். இந்த இடத்துக்கு வந்ததும் வடிவம்மாவின் நினைப்பு எப்போதும் திரும்பி நடக்கத் தொடங்கிவிடும்.

ஆரம்பத்தில் அவளுக்கும் வெறி இருந்தது. கழுத்து, கயிறு, கால் துடிப்பது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தபடிதான் தூங்கப் போவாள். அப்புறம் தீர்ப்பு நாள் வந்தது.

மின்சாரத்தை மணிக்கணக்காக வெட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. அன்று நீதிமன்றத்தில் உட்காரும் வாங்குகளெல்லாம் நிறைந்துவிட்டதால், புசல்லாவையிலிருந்து வந்திருந்த சுதேஷின் தாய் அவளருகில் உட்கார வேண்டியதாயிற்று. வழக்குத் தவணைக்குத் தவணை தூரத்தில் பார்த்த முகம். தேயிலைக் கொழுந்துக் கறை படிந்த விரல்களால் ஒரு கைலேஞ்சியைக் கசக்கிக்கொண்டிருந்தாள். நீதிபதி சிங்களத்தில் ஏதோ வாசித்தார். சட்டென்று விளக்குகள் அணைந்தன. தலைக்கு மேலே மின்விசிறி மெல்ல மெல்ல நின்றது. வடிவம்மாவுக்கு முதலில் வந்த நினைப்பு, காலையில் ஊறப்போட்ட உழுந்து. அரைக்க முடியாமல் புளித்துப் போகும்.

"இங்கயும் வெட்டிட்டாங்க" என்று வாய் தானாகச் சொன்னது.

"எங்க தோட்டத்துல ராவைக்குத்தாங்க வெட்டுவாங்க" என்றாள் பக்கத்திலிருந்தவள், அதே களைத்த குரலில். கையிலிருந்த லேஞ்சியை விரித்து விசிறத் தொடங்கினாள். காற்று இருவர் மேலும் பட்டது.

பொலிஸ்காரர் கையைக் காட்ட எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர்களும் நின்றார்கள். இருட்டில் நீதிபதியின் குரல் மட்டும். கூண்டருகே மொழிபெயர்ப்பாளர் சுதேஷிடம் தணிந்த குரலில் சொன்னது பின்வரிசை வாங்கு வரை எட்டவில்லை. பிறகு ஏதோ முறிகிற சின்னச் சத்தம். விளக்குகள் எரிந்தன. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார்கள். அது சுற்றத் தொடங்கியதும் இருவர் முகத்திலும் ஒரே ஆறுதல்.

மரண தண்டனை சொல்லும்போது விளக்கை அணைப்பார்கள், எழுதிய பேனையை முறிப்பார்கள் என்று சேதுராமன் வெளியே வந்துதான் சொன்னான். அப்போது படிக்கட்டில் அந்தத் தாய் போட்ட சத்தத்தை வடிவம்மா எங்கேயோ கேட்டிருக்கிறாள். அது தன் வீட்டு முற்றத்தில் தான் போட்ட சத்தம்தான் என்று புரிய அதிக நேரம் ஆகவில்லை.

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மன்னித்துவிட்டாளா என்றால் இல்லை. சென்ற மாதம் மற்றப் பக்கத்திலிருந்து ஒரு வக்கீல் பிள்ளை வந்து, தூக்கு வேண்டாமென்று நீங்கள் சொன்னால் பெரிய விஷயம் அன்ரி என்றபோது, அவளுக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். மன்னிப்பு என்கிற அளவுக்குப் பெரிதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடக்க அவளுக்குத் தெம்பில்லை.

"எனக்கும் ரெண்டு பொம்புளப் புள்ளயள் ஈக்கிது அக்கா" என்றாள் றம்ஸியா. "டியூஷன் முடிஞ்சி வரும் மட்டும் வாசல்லதான் நிக்கிறன். ஒருத்தன தூக்கினா மத்தவன் பயப்படுவான்தானே?"

"தெரியல்ல டீச்சர்." உண்மையாகவே தெரியவில்லை. "பயந்ததுனாலதான அவன் அப்பிடிச் செஞ்சான்? பேரச் சொல்லிட்டாளேன்னு பயந்துதான?"

சேதுராமன் எழுந்தான். "இதப் பாத்தா நீயே வருவ" என்று சுருளை விரித்தான். ஒரு முனையை டீச்சர் பிடித்தாள். அறையின் அகலம் போதாமல் கூட்டத்துக்காக அடித்த பெனரின் ஓரம் அலுமாரியில் முட்டி மடங்கியது.

அனுஷியா. ஆளுயரத்துக்கும் பெரிய முகம். பேராதனைப் பூந்தோட்டத்தில் எடுத்தது. பின்னாலிருந்த மூங்கில்களை அழித்துக் கறுப்பாக்கியிருந்தார்கள். கண்ணைச் சுருக்கிச் சிரித்தாள். கீழே சிவப்பில், நீதி வேண்டும். அவளுடைய இடது தோளில் நான்கு விரல்கள் இருந்தன, மணிக்கட்டோடு வெட்டப்பட்டிருந்தன.

"இது யார்ட கை?" என்றாள் றம்ஸியா.

"என்னோடது" என்றாள் வடிவம்மா.

சேதுராமன் எட்டிப் பார்த்தான். "அட, கவனிக்கல்லியே. கடைக்காரன்கிட்ட சொன்னா அதையும் அழிச்சுக் குடுப்பான்."

வடிவம்மா மா படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். தொடவில்லை.

"அழிக்க வேணாம், தம்பி. மடிச்சிரு."

"அப்ப சனிக்கிழம?"

"மடிப்பு மூஞ்சியில விழாமப் பாத்து மடி."

"அக்கா, பேரெல்லாம் குடுத்தாச்சுக்கா..."

"நான் வரல்லப்பா."

சத்தமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று கேட்கிற குரல்தான். றம்ஸியா அவளையே சிறிது நேரம் பார்த்தாள். பிறகு தன் பக்கத்து முனையை எடுத்துக்கொண்டு சேதுராமனை நோக்கி நடந்தாள். முகத்தில் மடிப்பு விழக்கூடாதென்று இருவரும் மாற்றி மாற்றி மடித்துப் பார்த்தார்கள். பெரிய முகம், எப்படி மடித்தாலும் கண்ணிலோ வாயிலோ விழுந்தது. கடைசியில் முழந்தாளிட்டு, சிமெந்துத் தரையில் மெதுவாகச் சுருட்டத் தொடங்கினார்கள். நெற்றி உள்ளே போயிற்று, கண்கள் போயின, சிரிப்பும் போயிற்று. அந்த நான்கு விரல்கள் இருந்த தோளுக்கு வந்ததும் டீச்சரின் கை தயங்கி நின்றது.