ஒரு லாரித் தண்ணீரின் விலை

ஏப்ரல் கடைசியில் அடையாறு பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. தனியார் தண்ணீர் லாரிகள் விலையை மூன்று மடங்காக்கின. அதற்குக் கடிவாளம் போடும் ஆணையை எழுதியவள் ஜெயபாரதி, குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் துணை இயக்குநர். லாரிக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், மீறினால் வண்டி பறிமுதல். எந்தத் தெருவுக்கு எந்த நாளில் எத்தனை லாரி என்ற பட்டியலையும் அவளே தயாரித்தாள். குடியிருப்போர் சங்கங்கள் பாராட்டிக் கடிதம் அனுப்பின.

மறுநாள் லாரி உரிமையாளர் சுயம்புலிங்கம் அவள் அறைக்கு வந்தார். அவர் சத்தம் போடாதது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"எனக்கு ரேட்டு போட்டுட்டிய. ஊருக்கு வெளிய கெணத்துக்காரன் எங்கிட்ட லோடுக்கு வாங்குததே ஆயிரத்தி எழுநூறு. அவனுக்கு யாரும்மா ரேட்டு போடுவா?"

"அவனுக்கும் போடுவோம்."

"போடுங்க. அதுவரைக்கும் நம்ம வண்டிக்கெல்லாம் கொஞ்சம் ரிப்பேர் வேலை கெடக்கு" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த நாள் அடையாறு, திருவான்மியூர் பக்கம் ஒரு லாரிகூடத் தென்படவில்லை. அலுவலகத்தின் சொந்த லாரிகள் பட்டியலில் கால்வாசித் தெருக்களுக்குக்கூடப் போதவில்லை. ஜெயபாரதி பட்டியலை மாற்றி மாற்றி எழுதினாள். காகிதத்தில் எல்லாத் தெருவுக்கும் தண்ணீர் இருந்தது.

சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டு அபயாம்பாள் கதவைத் தட்டினாள்.

"இவருக்கு இன்னிக்கு டயாலிசிஸ் கிடையாதுன்னு சொல்லிட்டா, ஜெயா. சென்டர்ல தண்ணியே இல்லையாம். கால் ரெண்டும் வீங்கிண்டு வரது."

அவள் கணவர் வேதாந்தம் மாமா அவர்கள் வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

ஜெயபாரதி சுயம்புலிங்கத்துக்குப் போன் செய்தாள். "டயாலிசிஸ் சென்டருக்கு ஒரு லாரி வேணும். எவ்வளவு கேட்டாலும் தரேன்."

"ஆணை?"

"நான் பார்த்துக்கறேன்."

பதினோரு மணிக்கு லாரி அடையாறுக்குள் திரும்பியது. முன்னால் ஆட்டோவில் வழிகாட்டிக்கொண்டு போன ஜெயபாரதி, பின்னால் கூச்சல் கேட்டு இறங்கினாள். தெருமுனையில் ஐம்பது அறுபது பேர் குடங்களோடு வண்டியை மறித்திருந்தார்கள். முன்னால் நின்ற ஜானு என்ற பெண் ஆணையின் நகலைத் தூக்கிப் பிடித்தாள்.

"எங்க தெருவுக்கு அஞ்சு நாளா தண்ணி இல்ல, இது மட்டும் எங்க போய்க்கினு கீது? கவருமெண்டு ரேட்ட புடி, பைப்பத் தொற!"

"இது ஆஸ்பத்திரிக்கும்மா" என்றாள் ஜெயபாரதி.

"பட்டியல்ல எங்க தெருதான் கீது. நீ யாரு?"

நகலின் அடியில் இருந்த கையெழுத்து அவளுடையதுதான்; ஜெயபாரதி ஆட்டோவின் பக்கம் பின்வாங்கினாள். யாரோ கல்லெறிந்தார்கள். டிரைவரின் நெற்றி கிழிந்தது. கால் மணி நேரத்தில் வண்டி காலி. பாதித் தண்ணீர் தார்ச்சாலையில் ஓடியது.

மாமாவை அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். அன்று அதே நேரத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ளவிருந்த மற்ற ஆறு பேர் என்ன ஆனார்கள் என்று சென்டருக்குப் போன் செய்து கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

திங்கட்கிழமை ஆணையைத் திரும்பப் பெற்றாள். உடனே சுயம்புலிங்கத்தை அழைத்தாள்.

"ரேட்டு இனி உங்க இஷ்டம். வண்டிய அனுப்புங்க."

"ரேட்டுப் பேச்செல்லாம் முடிஞ்சு போச்சும்மா. எந்த டிரைவரும் அந்தப் பக்கம் வரமாட்டேங்கான்."

கீழே அலுவலக வாசலில் காவலாளி இரும்புக் கதவை அவசரமாக இழுத்து மூடினான். தெருவின் இரண்டு பக்கமிருந்தும் குடங்களோடு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.