மாமனாரின் காய்ச்சல்

காலையில் எழுந்ததும் அடுப்பில் தண்ணீர் வைப்பேன். அது கொதிப்பதற்குள் கூடத்து மூலையில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியின் விளக்கைப் போடுவேன். கீரையைப் பொடியாக நறுக்கி, ஒரு பாட்டில் மூடியில் உள்ளே வைப்பேன். முந்தின நாள் கீரையை எடுத்துக் குப்பையில் கொட்டுவேன். பிறகு பல் தேய்ப்பேன்.

பெட்டிக்குள் இருப்பது ஓர் ஓணான். தோட்டத்து ஓணான் இல்லை. முழங்கை நீளம், தாடை முழுக்க முள். விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த என் மனைவி, ஆய்வு முடிந்து வேண்டாம் என்று ஒதுக்கியதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மாமனார் என்று பெயர் வைத்தாள். என் அப்பா எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார்.

"மாமனார் இல்லாத வீடுன்னு யாரும் சொல்லிடக் கூடாதுல்ல. உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வரணும், வந்ததும் மூஞ்சியத் திருப்பிக்கணும். வேற என்ன லட்சணம் வேணும்?" என்பாள்.

நுரையீரலில் கிருமி தொற்றி அவள் போய் இரண்டு மாதம் ஆகிறது. அவளுடைய அம்மா என்னோடு தங்கியிருக்கிறார். துணி மடிக்கும்போது, விளக்குமாற்றைச் சாத்தி வைக்கும்போது, ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்ததைத் தொடர்வதுபோலக் கேட்பார்.

"கடைசியா எதுவுமே சொல்லலையா மாப்ள?"

"இல்ல அத்தை. மூச்சு விடவே கஷ்டப்பட்டா."

பொய். சொன்னாள். அதில் அம்மா என்ற சொல் இல்லை. அத்தை காத்திருப்பதோ அந்தச் சொல்லுக்கு.

இதற்கிடையில் மாமனார் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். வழக்கமாகக் காலையில் விளக்கின் கீழே உள்ள கிளையில் ஏறி, சற்று நேரம் சூடேற்றிக்கொண்டு இறங்கிவிடுவார். இப்போது நாள் முழுக்க அங்கேயே, வாயை லேசாகத் திறந்தபடி படுத்திருந்தார்.

"வாசலையே பார்க்குது பாருங்க. அவளைத் தேடுது," என்றார் அத்தை.

நான் மீன் வைக்கும் குளிர்கிடங்கில் மேற்பார்வையாளன். எங்கள் வேலையில் சூட்டுக்கு ஒரே அர்த்தம்தான்: சரக்கு கெடுகிறது, சூட்டை இறக்கு. மாமனாரைத் தூக்கிப் பெட்டியின் மறுகோடியில், குளிர்ந்த கல்லின் மேல் வைத்தேன். ஊர்ந்து போய்க் கிளையில் ஏறினார். மறுபடி தூக்கி வைத்தேன். மறுபடி ஏறினார். மதியத்தோடு விளக்கு தானாக அணையும்படி ஒரு கருவி மாட்டினேன். அணைந்த பிறகும், நிறம் கறுத்து, சூடு மிச்சமிருந்த கிளையைக் கட்டிக்கொண்டு கிடந்தார். ஒரு வாரம் இப்படியே போனது.

கிடங்கிலிருந்து வெளியே வரும் லோடுமேன்கள் வெயில் படும் சுவரில் முதுகைச் சாய்த்து வரிசையாக நிற்பார்கள். அவர்களில் மூத்தவரிடம் எத்தனை பெட்டி ஏற்றினீர்கள் என்று கேட்டேன்.

"இருங்க சார். மூளை இன்னும் உருகல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், மாமனாரைத் துண்டில் சுற்றி, மனைவியின் ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன்.

அங்கிருந்த விலங்கு மருத்துவர் அவளுடைய தோழி. தாடையைத் திறந்து பார்த்தார். ஈறு முழுக்கச் சீழ்.

"நமக்குக் கிருமி புகுந்தா உடம்பு தானா சுடும். இவருக்கு அந்த வசதி இல்ல. சூட்டுல போய் உட்கார்ந்துதான் காய்ச்சலை வரவழைச்சுக்கணும். பாவம், வரவழைச்சுட்டு இருந்திருக்கார். நீங்க இறக்கி இறக்கி விட்டிருக்கீங்க. அவ இருந்திருந்தா உங்களைப் பெட்டிக்குள்ள போட்டிருப்பா."

ஊசி போட்டார்.

"பகல் பூரா விளக்கு எரியட்டும். ஒருநாள் அவரே கீழ எறங்குவார். கிருமி அடங்கினாலும் எறங்குவார். உடம்புல ஒண்ணும் மிச்சமில்லன்னாலும் எறங்குவார், சூட்டுல இருந்தா இருக்கிறதும் சீக்கிரம் கரையும்னு."

"ரெண்டுல எதுன்னு எப்படித் தெரியும்?"

"சாப்பிட்டாருன்னா தெரியும். இல்லைன்னாலும் தெரியும். நடுவுல கை வைக்காதீங்க."

வீட்டுக்கு வந்து கருவியைக் கழற்றினேன். அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப அவளைத் தேடலையா?"

"இல்ல அத்தை. சூட்டைத் தேடியிருக்கு."

அத்தை பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடித்தார். அன்று அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சில நாள் கழித்து, காலையில் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். விளக்கைப் போட்டேன். கீரை வைத்தேன். மாமனார் கிளையிலிருந்து இறங்கத் தொடங்கினார். ஒரு கால், நீண்ட நேரம் ஒன்றுமில்லை, இன்னொரு கால். கல்லை அடைந்து வயிற்றைக் கிடத்தினார். கண் திறந்திருந்தது. கீரை மூக்குக்கு நேராக இருந்தது. தொடவில்லை.

அத்தை வந்து பார்த்தார்.

"ஐயோ, கீழ வந்துடுச்சே! குளிருமே அதுக்கு." மூடியைத் தள்ளிக் கையை உள்ளே விட்டார்.

"தூக்காதீங்க அத்தை."

"செத்துக்கித்துப் போயிடப் போகுது மாப்ள."

"போகலாம். தூக்காதீங்க. அவ சொல்லியிருக்கா."

"எப்ப?"

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"கடைசியா."

அத்தையின் கை பெட்டிக்குள்ளேயே நின்றது. பிறகு மெல்ல வெளியே எடுத்து, தரையில் உட்கார்ந்து, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சுவாசக் குழாய் பொருத்துவதற்கு முன்னால் என்னை உள்ளே விட்டார்கள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. காலையில் மாமனாருக்குச் சாப்பாடு வைத்துவிட்டு வருகிறேன் என்றேன். வேலைக்கு ஓடும் அவசரத்தில் நான் அவரைக் கிளையிலிருந்து தூக்கிக் கீரையின் முன்னால் வைத்துவிடுவது அவளுக்குத் தெரியும். முகமூடியைச் சற்று விலக்கிச் சொன்னாள். அம்மாவைப் பற்றி எதுவும் இல்லை, என்னைப் பற்றியும் இல்லை. அத்தையிடம் அதை அப்படியே சொன்னேன்.

"சாப்பாட்டுக்காக அவரைத் தூக்கிடாத. எறங்கணும்னா அவரே எறங்குவார்."