எட்டு கார்டும் இருபத்திரண்டு கோட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மெஷின் அன்றைக்கு மூன்றாவது முறையாக மயங்கி விழுந்தது.

"அண்ணி, உங்க சக்களத்திக்கு மறுபடியும் மூச்சு நின்னுடுச்சு!" என்று சின்ன அறையின் வாசலில் நின்று அறிவித்தாள் நாத்தனார். அவளுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். பெயர் வைத்தவர் அவளுடைய அண்ணன்தான். அணைப்பதற்குப் பட்டன் இல்லாத ரேடியோ என்று விளக்கமும் அவரே கொடுப்பார்.

தையல்காரி தலை நிமிரவில்லை. சாப்பாட்டு மேசை மேல் துணியை விரித்துக் கைப்பகுதியை வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டும்போது நிமிர்ந்தால் கத்தரிக்கோல் தன் இஷ்டத்துக்குப் போகும்.

"உங்க அண்ணன் என்ன பண்றாரு?"

"நெத்தியில கை வெச்சு உக்காந்திருக்கான். பொண்டாட்டிக்குக் காய்ச்சல் வந்தப்பகூட இப்படி உக்காரலை."

"எனக்குக் கேக்குது!" என்றது உள்ளே இருந்து ஒரு குரல்.

குரலுக்குச் சொந்தக்காரர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்ட்டுகள் அவர் சொன்னால் மேலே போகும், அவர் சொன்னால் கீழே வரும். சொந்த வீட்டில் இருந்த மெஷின் மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அலுமினியச் சட்டத்தில், கொடியில் துணி காயப்போட்டது போல எட்டு கிராபிக்ஸ் கார்டுகள் வரிசையாக நின்றன. மற்றவர்கள் விளையாட்டுக்கு ஒன்று வாங்கிக் கம்ப்யூட்டருக்குள் ஒளித்துவைப்பதை இவர் எட்டாக வாங்கி வெளியே நிறுத்தியிருந்தார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நீலக் கேபிள் இறங்கிக் கீழே இருந்த மதர்போர்டுக்குப் போனது. எட்டும் சேர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தால் எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத கிரிப்டோ காசு விழுமாம். விழுகிற காசைவிட எட்டையும் சேர்ந்து ஓட வைப்பதில்தான் மனிதருக்கு ஆசை என்பது மனைவிக்குத் தெரியும்.

ஆசையை அவள் குறை சொல்லவில்லை. அந்த ஆசை உட்கார்ந்திருந்த அறைதான் அவளுடைய பிரச்சினை.

வீட்டில் நல்ல வெளிச்சம் வரும் ஒரே அறை அது. அவளோ சாப்பாட்டு மேசையில் வெட்டி, சோபாவில் குவித்து, ஜன்னல் கம்பியில் மாட்டிக் குடும்பம் நடத்தினாள். போன புதன்கிழமை குழம்புக் கிண்ணம் சாய்ந்து நாலு கஜம் வெள்ளைத் துணி மஞ்சளாகிவிட்டது. அதற்கு மறுநாள்தான் நாடகக் கம்பெனி மேனேஜர் போன் செய்தார். புது நாடகத்துக்கு இருபத்திரண்டு ராணுவக் கோட்டு வேண்டும். இத்தனை வருஷத்தில் இவ்வளவு பெரிய வேலை அவளைத் தேடி வந்ததில்லை. "தனியா இடம் இருக்குல்லம்மா? இருக்குன்னா ஞாயித்துக்கிழமை சாயந்திரத்துக்குள்ள சொல்லுங்க. இல்லைன்னா வேற ஆளைப் பாக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று இரவு சாப்பாட்டில் பேச்சு முற்றி, கடைசியில் பந்தயமாக முடிந்தது. ஞாயிறு மதியம் ஒரு மணிக்குள் எட்டு கார்டும் சேர்ந்து ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடிவிட்டால் அறை மெஷினுக்கு. ஓடாவிட்டால் மெஷின் அவருடைய சிநேகிதர் ஒருவர் வீட்டுக்கு, அறை தையலுக்கு.

"ஓடினா உண்மையா ஓடணும். ஏழு ஓடுச்சு, ஒண்ணு எட்டிப் பாத்துச்சுன்னு கதை விடக் கூடாது" என்று அவள் சொன்னதற்கு ரேடியோ கை தட்டினாள்.

அப்போதிருந்து அவர் படாத பாடு பட்டார். ஆரம்பத்தில் நாலு கார்டுக்கு மேல் மெஷின் கண்டுகொள்ளவே இல்லை. எங்கேயோ படித்து, எதையோ மாற்றி, எட்டையும் கண்ணில் காட்டினார். ஆனால் ஓட விட்டால் பத்து நிமிடம். அதற்குள் திரையில் சிவப்பாக ஒரு வரி வரும்: 'கார்டு 6: பதில் இல்லை.' உடனே எல்லாம் அணைந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

ஆறாம் நம்பர் கார்டைக் கழற்றித் துடைத்தார். கேபிளை மாற்றினார். மறுபடியும் மாற்றினார். கடைசியாக மிச்சமிருந்த புதுக் கேபிளையும் அதற்கே போட்டார். கரண்ட் கொடுக்கும் பெட்டியைக்கூட மாற்றிக் கொடுத்தார். கட்டியவளுக்கு இவ்வளவு உபசாரம் நடந்திருந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பாள். 'கார்டு 6: பதில் இல்லை.'

"இந்த ஆறு இருக்கே, பிடிவாதத்துல உன்னையே தோக்கடிச்சிடும்" என்றார் கூடத்துக்கு வந்து.

"பதில் சொல்லாம இருக்கறது பிடிவாதம் இல்லீங்க. சில பேர்கிட்ட பேசிப் பிரயோஜனம் இல்லைன்னு தெரிஞ்சுடுச்சு, அவ்வளவுதான்."

அதற்குள் அவருடைய போன் அடித்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று ஆள் மாட்டிக்கொண்டாராம். சட்டையை மாட்டிக்கொண்டே மெஷினைத் திரும்பிப் பார்த்தார். பரீட்சை நேரத்தில் பிள்ளையைத் தனியே விட்டுப் போகிறவர் மாதிரி இருந்தது முகம்.

"ஒரு மணிக்குள்ள வந்துடுவேன்."

"மெதுவா வாங்க. அவசரமே இல்லை" என்றாள் அவள் அன்பாக.

கதவு சாத்தியதும் ரேடியோ குதித்தாள். "ஜெயிச்சாச்சு அண்ணி! இனிமே வந்து ஒரு மணி நேரம் ஓட்ட எங்க நேரம்?"

தையல்காரி இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு சின்ன அறைக்குள் போனாள். கதவிலிருந்து ஜன்னல் வரை பதினோரு அடி. வெட்டும் மேசை இங்கே, தையல் மெஷின் ஜன்னலோரம், தைத்த கோட்டுகள் அந்தச் சுவரில். இருபத்திரண்டும் வரிசையாகத் தொங்குவது கண்ணுக்குத் தெரிந்தது.

அவருடைய மெஷின் மறுபடியும் தானாகத் தொடங்கிக் காற்றாடிகளைச் சுழற்றிக்கொண்டிருந்தது. கார்டுகளின் கழுத்தில் அவள் கட்டிவிட்ட வெள்ளை நாடாத் துண்டுகள் ஆடின. நம்பர் போட்டால் குழப்பம் வராது என்று அவர் கேட்டபோது, சட்டைத் துண்டுகளுக்குப் போடுவது போல் ஒன்றிலிருந்து எட்டு வரை எழுதிக் கட்டியவள் அவள்தான்.

போன் அடித்தது.

"ஏம்மா, சின்ன டார்ச்சை வீட்லயே விட்டுட்டேனா பாரு" என்றது ஸ்பீக்கரில் அவர் குரல்.

"மேசை மேலதான் இருக்கு. கொண்டு வரவா?"

"வேணாம், இங்க ஒண்ணு வாங்கிக்கறேன். உள்ள பல் டாக்டர் ஒருத்தர் மாட்டிக்கிட்டாரு. திறந்த வாயை மூட மாட்டேங்கறாரு. லிஃப்ட் பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல நிக்குது."

"பூஜ்யமா? அது என்ன மாடி?"

"தரைத்தளம்தான். பூஜ்யத்துல இருந்துதானே எண்ணணும்? எட்டு தளம்னா கடைசி பட்டன் ஏழு. சரி, அப்புறம் பேசறேன்."

போனை வைத்தவள் அப்படியே நின்றாள். பிறகு திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, முதல் தடவையாக அதில் இருந்த கார்டுப் பட்டியலை வரி வரியாகப் பார்த்தாள். மொத்தம் எட்டு வரி. கடைசி வரியில் 7. முதல் வரியில் 0.

"அடப்பாவி மனுஷா!" என்றாள் வாய்விட்டு.

"என்ன அண்ணி?"

"மெஷின் பூஜ்யத்துல இருந்து எண்ணுது. உங்க அண்ணனும் காலமெல்லாம் பூஜ்யத்துல இருந்து எண்ணறவரு, அதனால அவருக்கு வித்தியாசமே தெரியலை. நான் ஒண்ணுல இருந்து நாடா கட்டிட்டேன். மெஷின் ஆறுங்கும், அவரு ஆறு எங்கன்னு பாப்பாரு, என் நாடா ஆறைக் காட்டும். நிஜத்துல பதில் சொல்லாதது என் ஏழு!"

ரேடியோ விரல் விட்டு எண்ணினாள். பூஜ்யத்துக்கு எந்த விரல் என்று தெரியாமல் முதலில் தடுமாறினாள். எண்ணி முடித்ததும் அவள் முகம் மாறியது. கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, நீங்க ஒண்ணும் பாக்கலை. நானும் ஒண்ணும் கேக்கலை. ஒரு மணி வரைக்கும் வாயைத் தைச்சுக்குங்க. உங்களுக்குத் தைக்கறது தெரியாதா?"

மணி பதினொன்று. சும்மா இருந்தால் போதும். அறை கிடைக்கும், சாயந்திரம் மேனேஜருக்கு 'சரி' என்று சொல்லலாம். பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை.

கூடத்துக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரு கோடு வெட்டினாள். வைத்தாள். மூன்று நாளாக அந்த ஆறாம் நம்பரைக் கழற்றி மாட்டி, திட்டி, ஊதி, கெஞ்சிய மனிதர் கண்முன் வந்தார். நாளைக்கு மெஷினைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, தோற்றதைக் காட்டிக்கொள்ளாமல் மேசை தூக்க உதவிக்கு வருவார். அந்த அறையில் உட்கார்ந்து இருபத்திரண்டு கோட்டுக்கும் பட்டன் வைக்கும்போது இதுவே ஞாபகம் வரும். தையல் கோணியது தெரிந்த பிறகு பிரிக்காமல் விட அவள் கைக்குப் பழக்கமில்லை.

"ரேடியோ, அந்த டிராயர்ல ஆறுல இருந்து கழட்டின பழைய கேபிள் இருக்கும். எடு."

"அண்ணி! உங்களுக்கு ரூம் வேணாமா?"

"வேணும்டி. வயித்தெரிச்சலைக் கிளப்பாம எடு."

சின்ன அறைக்குத் திரும்பி மெஷினின் மெயின் சுவிட்சை அணைத்தாள். தையல் மெஷினில் நூல் அறுந்தால் ஊசி, நூல், துணி மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் குற்றவாளி கடைசி வரை தெரியாது. ஒன்றை மாற்ற வேண்டும், ஓட்டிப் பார்க்க வேண்டும். ஏழாம் கார்டில் எதையும் தொடாமல் அதன் கேபிளை மட்டும் உருவினாள். முனையில் இருந்த பொன்னிறப் பற்களில் ஒன்று கறுத்துப்போயிருந்தது.

"பல் டாக்டர் வேற எங்கேயோ மாட்டிக்கிட்டாரு பாருங்க" என்றாள் ரேடியோ.

ஒரு குற்றமும் செய்யாமல் டிராயருக்குப் போயிருந்த பழைய கேபிளை ஏழில் அழுத்தினாள். 'டக்' என்று உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டபோது மணி பதினொன்று இருபது.

பத்து நிமிடம். இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். சிவப்பு வரவில்லை. இருபது நிமிடம். அறை சூடேறியது. ரேடியோ துப்பட்டாவால் விசிறிக்கொண்டு, "ஓடுதே, பாவி!" என்றாள். எந்தக் கட்சியில் இருக்கிறோம் என்பது அவளுக்கே மறந்துவிட்டது.

பன்னிரண்டு ஐந்துக்கு லிஃப்ட்காரர் வந்தார். அறையின் சத்தம் வாசலிலேயே கேட்டிருக்கிறது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து திரையைப் பார்த்தார். எட்டு வரியும் பச்சை.

"யாரு வந்தது? யாரைக் கூப்பிட்டே?"

"யாரும் வரலை. உங்க ஆறு, என் ஏழு" என்று அவள் நாடாவைத் தூக்கிக் காட்டினாள். "நீங்க மூணு நாளா பக்கத்து வீட்டுக்காரனைப் பிடிச்சு அடிச்சிருக்கீங்க."

அவர் திரையைப் பார்த்தார். நாடாவைப் பார்த்தார். பூஜ்யம், ஒன்று என்று உதட்டை அசைத்தார். பிறகு சிரித்த சிரிப்பில் காற்றாடிச் சத்தமே அடங்கிப்போனது.

"இருபது வருஷமா லிஃப்ட்டுல பூஜ்யத்தை அமுக்கறேன்! எனக்குத் தோணலையே!"

"தோணியிருந்தா மூணு நாள் நிம்மதியா சாப்பிட்டிருப்போம்" என்றாள் ரேடியோ. "அண்ணா, இன்னொண்ணு கேளு. பதினோரு மணிக்கே அண்ணிக்குத் தெரிஞ்சுடுச்சு. சும்மா இருன்னு நான் தலையால தண்ணி குடிச்சேன். கேக்கலை. அந்த இருபத்திரண்டு கோட்டும் போச்சு."

"நீ சும்மா இருக்க மாட்டியா?" என்று தையல்காரி அவள் தோளில் ஒன்று போட்டாள்.

சிரிப்பு மெல்ல இறங்கியது. அவர் மனைவியையே பார்த்தார். வியர்வையில் அவள் நெற்றியோர முடி ஒட்டிக்கொண்டிருந்தது. இஞ்ச் டேப் இன்னும் கழுத்தில்.

"தெரிஞ்சேவா மாட்டினே?"

"அப்புறம் என்ன, கண்ணை மூடிக்கிட்டா மாட்டுவாங்க? பந்தயம்னா பந்தயம். ரூமை வெச்சுக்கங்க."

அவர் பால்கனிப் பக்கம் போனார். பழைய சைக்கிளும் காலி அட்டைப் பெட்டிகளும் கிடந்த இடம். மேலே கூரை, பக்கத்தில் கம்பி வலை, நல்ல காற்று. அகலத்தைக் கையால் சாண் போட்டு அளந்தார்.

"ஏங்க, சாண் எதுக்கு? டேப் கழுத்துல தொங்குது."

"கொடு. ஓடாத மெஷினுக்குத்தான்மா உக்காந்து குடைய வெளிச்சமும் ரூமும் வேணும். ஓடறதுக்கு ஒரு மூலை போதும். இந்த சூட்டுக்கு இங்கதான் சரி. சாரல் அடிக்காம இந்தப் பக்கம் ஒரு தகரம் வெச்சுடறேன்."

"அப்போ பந்தயம்?"

"ஜெயிச்சவன் எங்க வேணா வெச்சுக்கலாம். நான் பால்கனியில வெச்சுக்கறேன்."

"தூக்கலாமா அப்போ?" என்று ரேடியோ சுவிட்சுப் பக்கம் கை நீட்டினாள்.

"தொடாதே!" என்று அலறினார். "இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. ஒரு மணி நேரம் ஓடட்டும், கண்ணால பாத்துக்கறேன்."

மூன்று பேரும் அந்த அடுப்பு போன்ற அறையில் எட்டு நிமிடம் நின்றார்கள். பன்னிரண்டு இருபதுக்கு அவரே தன் கையால் அணைத்தார். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அவள், நடுவில் கேபிள்களைத் தாங்கிக்கொண்டு ரேடியோ. அறை வாசற்படியை அடைந்தபோது தையல்காரியின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

"ரேடியோ, எடுத்துக் காதுல வை."

நாடகக் கம்பெனி மேனேஜர்.

"சார், வணக்கம். ஆமா சார், இடம் இருக்கு. தனி ரூம், பதினோரு அடி. இருபத்திரண்டும் தைச்சுத் தர்றேன். அளவுக்கு எல்லாரையும் எப்போ அனுப்பறீங்க?"

அவர் மறுமுனையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். "சுருக்கமா பேசும்மா, கை கழண்டுடும்."

"இருங்க. காலர் மாடல் கேக்காம எப்படி வைக்கறது?" என்று அவரிடம் கிசுகிசுத்துவிட்டு, "சார், காலர் நிமிர்ந்து நிக்கணுமா, மடிஞ்சிருக்கணுமா?" என்றாள் போனில்.