களப்பில் இறங்கிய நான்கு பூநாரைகள்

ஷிப்னாவைப் பறவை பார்க்கப் பழக்கியதே ஜீவராணிதான். லுணுகலைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் அவள், ஆறு வருடமாகக் கண்ட பறவைகளை எழுதி வைத்து வந்தாள். பதுளையில் மருந்துக்கடையில் வேலை செய்யும் ஷிப்னா பறவை பார்ப்போர் குழுவில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் அவள் எடுக்கும் படங்களைப் பற்றித்தான் இப்போது எல்லோரும் பேசினார்கள். குழுவை நடத்தும் முன்ஸிப்கூட, "ஷிப்னாவுக்குக் கண்ணு கூர்மை" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மூவரும் முன்ஸிப்பின் வேனில் ஹம்பாந்தோட்டைக் கரைக்குப் போனார்கள். பதுளையில் தூறிக்கொண்டிருந்த மழை வெல்லவாயாவோடு நின்றது. கடலோர உப்பேரியான களப்பின் ஓரம் நல்ல வெயில்.

சேற்றில் நின்ற பறவை ஒன்றைக் காட்டி, "பச்சைக்காலி" என்றாள் ஜீவராணி.

"இல்ல டீச்சர், சொண்டப் பாருங்களேன். ஊசி மாதிரி. இது சதுப்பு உள்ளான்."

தொலைநோக்கியில் பார்த்தாள். ஷிப்னா சொன்னதுதான் சரி. ஜீவராணிக்கு முகம் எரிந்தது.

சற்று நேரத்தில் ஷிப்னா கமெராவோடு மணல்மேட்டுக்கு அப்பால் கடற்கரைக்குப் போனாள். முன்ஸிப் வேனில் தூங்கிப்போனார். அப்போதுதான் நான்கு பூநாரைகள் களப்பில் வந்து இறங்கின. ஆறு வருடத்தில் ஒருமுறைகூட ஜீவராணி பூநாரையைக் கண்டதில்லை.

ஷிப்னாவை அழைக்க ஃபோனை எடுத்தாள். பிறகு பைக்குள்ளேயே போட்டுவிட்டாள்.

பத்து நிமிடம் நின்றன. அவற்றை நிம்மதியாகப் பார்க்கவும் அவளால் முடியவில்லை. ஷிப்னா வந்துவிடுவாளோ என்று மணல்மேட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் அவை எழும்பிக் கடல் பக்கம் பறந்தன.

ஷிப்னா திரும்பி வந்து, "ஏதும் வந்துச்சா டீச்சர்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

ஷிப்னா ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

திரும்பும் வழியில் வெல்லவாயாவில் தேநீர் குடிக்கும்போது கமெராவை நீட்டினாள். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். நாலு பூநாரை என் தலைக்கு மேலால போச்சு. நீங்க பார்க்கலன்னதும், கவலப்படுவீங்களேன்னு அப்ப சொல்லல்ல."

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த நான்கும் ஷிப்னாவுக்கு மட்டும் என்றாகிவிடுமே! "நானும் பார்த்தேன்" என்றாள் ஜீவராணி. "தண்ணியில நின்னுச்சு. பத்து நிமிஷம்."

"அப்ப ஏன் என்னக் கூப்பிடல்ல?"

"மனசு வரல."

ஷிப்னா கமெராவை மூடினாள். பதுளை வரை முன் சீட்டில் முன்ஸிப்பின் பக்கத்திலேயே இருந்தாள். பின்னால் திரும்பவே இல்லை.

மறுநாள் காலை குழுவின் வாட்ஸ்அப்பில் அந்தப் படம் வந்தது. கீழே ஷிப்னா எழுதியிருந்தாள்: 'முதலில் கண்டது ஜீவராணி டீச்சர்.'

வாழ்த்துகள் வந்து குவிந்தன. ஆறு வருடத்தில் இத்தனை பேர் அவளை வாழ்த்தியதில்லை. ஜீவராணி ஒவ்வொன்றாக வாசித்தாள். நல்ல கண்தான் வாய்த்தது என்றால், இப்படி ஒரு மனசும் ஷிப்னாவுக்கே வாய்க்க வேண்டுமா? நேற்றைவிட இன்று அதிகமாக எரிந்தது.

ஷிப்னாவுக்குத் தனியாக, 'மன்னிச்சுக்க' என்று எழுதினாள். அனுப்ப வெகுநேரம் பிடித்தது. ஆனாலும் அனுப்பினாள்.