எடை குறையாத புத்தகம்

அரச வம்சத்தின் புகழ்நூல் வருடத்துக்கு ஒரு தாள் வீதம் மெலிந்துகொண்டு வந்தது; அதன் அட்டை அதே ஒரு தாள் அளவுக்குத் தடித்துக்கொண்டு வந்தது. அச்சு இயந்திரம் ஊருக்கு வந்த புதிதில் அடித்த புத்தகம். அந்தக் காலத்துப் புத்தகங்களை நூலகத்தில் யாரும் பக்கம் எண்ணிப் பார்ப்பதில்லை. புரட்டினால் கிழிந்துவிடும் என்று பயந்து, வருடத்துக்கொரு முறை தராசில் வைத்து நிறுப்பதோடு சரி. உள்ளே குறைந்தது வெளியே ஏறிவிட்டதால் எடை அசையவில்லை. பதிவேடு எழுதுகிறவரும் 'எடை சரி' என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்.

கண்டுபிடித்தவள் அரிய நூல் அறையின் பொறுப்பாளர். புத்தகத்தைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் கை கழுவுகிறவள் என்பதால் தெருவில் அவளுக்குக் கைகழுவி என்றே பெயர். அட்டையின் மூலை ஒருநாள் வெடித்திருந்தது. எட்டிப் பார்த்தால் உள்ளே எழுத்து. அந்நாளில் வேண்டாத அச்சுத்தாள்களைப் பசை தடவி அடுக்கி அழுத்தித்தான் அட்டை செய்வார்கள். இதற்குள் அழுத்தப்பட்டுக் கிடந்தது ஒரு மருத்துவச்சி எழுதிய பிரசவ நூல். அதிலிருந்த ஒரு வரி பிடிக்காமல் அரண்மனை வைத்தியர்கள் முறையிட, பிரதிகளைக் கொளுத்தச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. நல்ல தாளைக் கொளுத்த மனம் வராத பைண்டர், அதையே ராஜாவின் புகழுக்கு அட்டையாக்கிவிட்டான். மருத்துவச்சி உள்ளே சும்மா கிடக்கவில்லை, அவ்வளவுதான். புகழைத் தாள் தாளாகத் தின்று தன் பக்கங்களை மீட்டுக்கொண்டிருந்தாள்.

நூலக இயக்குநர் வேறு யாருமில்லை, கைகழுவியின் அக்கா புருஷன். அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அதை வாரம் தவறாமல் ஞாபகப்படுத்துவார். ராஜ வம்சத்தின் இன்றைய வாரிசு, இப்போது டயர் வியாபாரம் செய்கிறவர், குடும்பத்தோடு புத்தகத்தைப் பார்க்க வருவதாக இருந்தது.

"அந்தக் குண்டு அட்டையை உரிச்சு அடுப்புல போடு. புது வெல்வெட் அட்டை தயாரா இருக்கு."

"உரிக்க மாட்டேன் அத்தான்."

"ஆபீஸ்ல நான் அத்தான் இல்ல, இயக்குநர்."

"சரிங்க இயக்குநர். உரிக்க மாட்டேன்."

"வேலை போயிடும்."

"போகட்டும். அந்தம்மாவோட புஸ்தகத்தை ஒரு தடவை ஒழிச்சது போதும்."

அன்றே அறையைப் பூட்டிச் சாவியைப் பின்னலுக்குள் செருகிக்கொண்டாள். அக்கா வீடு தேடி வந்து கத்தினாள். "ஏண்டி, எவளோ பெத்ததைப் பத்தி எவளோ எழுதினதுக்கு நீ ஏன் வலி எடுக்கிற?" இவள் கைதுடைக்கும் துண்டை மடித்துக்கொண்டே, "எடுத்தாச்சு. இனிமே நிறுத்த முடியாது" என்றாள். இயக்குநர் வேலைநீக்க உத்தரவை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வாரிசு வாசலில் வந்து நின்றபோதுதான் அவள் கதவைத் திறந்தாள். அவர் புத்தகத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு தாள்கூட இல்லை. கடைசிப் புகழும் அன்று காலையில் தீர்ந்துபோயிருந்தது. இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. "உள்ள ஒண்ணும் இல்லீங்க. அட்டையைப் படிங்க" என்றாள் கைகழுவி. யாரும் தொடாமலே அட்டை தாள் தாளாகப் பிரிந்து விரிந்தது. வாரிசு கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்: 'ராஜாவும் கால் முதலில் நீட்டித்தான் வந்தார், கை கழுவிக்கொண்டு திருப்பிவிட்டவள் நான்.' அவருடைய நிறைமாத மருமகள்தான் முன்னால் வந்தாள். "மாமா, நகருங்க. எனக்கும் பிள்ளை திரும்பலைன்னு சொல்லியிருக்காங்க. எப்படித் திருப்பினாங்கன்னு எந்தப் பக்கத்துல இருக்கு?"

பிள்ளை தலை முதலில் வந்தது. உத்தரவு இருந்த சட்டையை அக்கா துவைத்துப்போட்டுவிட்டாள், பையைப் பார்க்கவில்லையாம். புருஷன் பையை அவள் பார்க்காத நாளை இந்தத் தெரு கண்டதில்லை. புத்தகம் இப்போது மருத்துவச்சியின் பெயரில் பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகள் வந்து, கை கழுவிவிட்டு, படித்துப் போகிறார்கள். அதற்குப் பக்கத்தில், அதே பைண்டர் கட்டிய அரண்மனை வைத்தியர்களின் வரலாறு இந்த வருடம் உள்ளே கொஞ்சம் மெலிந்து, அட்டை தடித்துத் தெரிகிறது. இயக்குநரே தராசில் வைத்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். எடை சரி.